மார்பில் கட்டி, மனத்தில் கவலை

இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் பெண்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கும் பொருள். கண்ணில் தூசி விழுந்தால் அதே கணத்தில் சொல்லிவிடுகிறோம். மார்பகத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலோ, மாதந்தோறும் அங்கே வலி கண்டாலோ, அதை மட்டும் வாரக்கணக்கில் நெஞ்சுக்குள் பூட்டி வைக்கிறோம். நாணம் ஒரு காரணம், அச்சம் ஒரு காரணம். மொழி தெரியாத ஊரில் யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்ற மலைப்பும் சேர்ந்துகொள்கிறது. இம்மூன்றையும் நாங்கள் பட்டறிந்தவர்கள். அந்த உரிமையில்தான் பேசுகிறோம்.

புனே நகரின் மேற்குக் கோடியில் பாணேர் என்றொரு பகுதி இருக்கிறது. பாணேசுவரர் குடைவரைக் கோயிலும், துகாய் தேவி குடிகொண்ட குன்றும், ராம் நதியும் அவ்வூரின் பழைய அடையாளங்கள். இன்று அவற்றைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். பாணேர்த் தமிழரோ பெரும்பாலும் கணினித் தொழிலை நாடி அண்மைக் காலத்தில் வந்தவர்கள். அங்கே ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்கள் மூவர் நாங்கள். எங்களுள் மூத்தவளுக்கு வயது 51, நடுவளுக்கு 38, இளையவளுக்கு 27. மூவருக்கும் மார்பகத் தொல்லை உண்டு என்பது, ஒரு மாலை குன்றேறி உலவச் சென்றபோது தற்செயலாக வெளிப்பட்டது. ஒருத்தி சொன்னாள், மற்றவள் வியந்தாள், மூன்றாமவள் கண் கலங்கினாள். ஈராண்டுகள் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தும், ஒருவர் துன்பம் மற்றவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைச் சொல்லிவிடுகிறோம். மார்பகத்தில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் வயதினரிடம் இவ்வுண்மை இன்னும் வலுவானது. ஆனால் இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே என்பதும் உண்மை. மேலை நாடுகளைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும், அது நம் பெண்களைத் தாக்குகிறது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே மனத்தில் இருத்த வேண்டும். முன்னதை மறந்தால் வீண் அச்சம் ஆளை உருக்கிவிடும். பின்னதை மறந்தால் அசட்டை உயிருக்கே உலை வைத்துவிடும்.

மார்பகத்தின் அமைப்பைச் சற்று அறிந்துகொண்டால் அச்சத்தில் பாதி குறையும். ஒவ்வொரு மார்பகத்திலும் பதினைந்து முதல் இருபது வரை பால்சுரப்பி மடல்கள் உள்ளன. ஒவ்வொரு மடலிலிருந்தும் ஒரு பால்நாளம் காம்பை நோக்கி வருகிறது. இவற்றுக்கிடையே கொழுப்பும் நாரிழைகளும் நிறைந்திருக்கின்றன. ஆதலின் மார்பகம் இயல்பிலேயே வழவழப்பானது அன்று. விரலால் தடவினால் கேழ்வரகுக் குவியலைப் போலச் சிறு மணிகள் தட்டுப்படும். அக்குளை ஒட்டிய மேற்பகுதியில் சுரப்பித் திசு மிகுதி. அங்கே மணிகளும் மிகுதி. இது நோய் அன்று, இயற்கை.

இத்திசு மாதவிடாய்ச் சுழற்சிக்குக் கட்டுப்பட்டது. சூலகத்தில் ஊறும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரண்டு சுரப்புநீர்கள் மாதந்தோறும் ஏறி இறங்குகின்றன. சுழற்சியின் பின்பாதியில் மார்பகம் நீர்கோத்துப் பருக்கிறது, கனக்கிறது, தொட்டால் நோகிறது. மாதவிடாய் தொடங்கியதும் வீக்கம் வடிந்து வலியும் தணிகிறது. எங்களுள் நடுவளின் தொல்லை இதுவே. வீட்டுக்கு விலக்காவதற்குப் பத்து நாள் முன்பே அவளுக்கு வலி தொடங்கிவிடும். குழந்தை ஓடிவந்து மார்பில் சாய்ந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். பேருந்தில் நெருக்கடியான வேளையில் ஏற அஞ்சுவாள். பிள்ளையைத் தள்ளி நிறுத்துகிறோமே என்ற ஏக்கம் வலியைவிடப் பெரிதாக இருந்தது என்று அவள் எங்களிடம் சொன்னாள்.

அவள் முதன்முதலாக ஒரு மருத்துவரிடம் சென்ற கதை சிரிப்புக்குரியது. மராத்தியில் அரைகுறைப் பயிற்சி பெற்றிருந்த அவள், 'சாத்தி வலிக்கிறது' என்று பொருள்படச் சொன்னாள். 'சாத்தி' என்றால் மராத்தியில் நெஞ்சு. அங்கிருந்தவர்கள் பதறி, படுக்க வைத்து, இதயத் துடிப்பைப் பதிவு செய்து, 'உன் இதயம் நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே' என்று அனுப்பிவிட்டார்கள். நாணத்தால் அவளும் மறுவார்த்தை பேசாமல் வீடு திரும்பினாள். குற்றம் யாருடையதும் அன்று. சொல்லத் தெரியாததால் வந்த வினை. எனவே மராட்டிய நாட்டில் வாழும் சகோதரிகள் நான்கு சொற்களைக் கற்று வைத்துக்கொள்ளுங்கள். மார்பகத்துக்கு 'ஸ்தன்' என்பது சொல், வடமொழி அறிந்த காதுக்குப் புதிதன்று. கட்டிக்குக் 'காட்' என்பர். மாதவிடாய்க்குப் 'பாளி' என்பர். வலிக்கிறது என்பதற்குத் 'துக்தம்' என்பர். 'ஸ்தனாத் காட் ஆஹே' என்றால் மார்பகத்தில் கட்டி இருக்கிறது என்று பொருள். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்தந்த மொழியில் இந்நான்கு சொற்களையும் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். அரிசி, பருப்பு, பால், பேருந்து என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறோம் அல்லவா? அந்த வரிசையில் இவையும் சேரட்டும்.

இரண்டாம் முறை அவள் சென்றது ஒரு பெண் மருத்துவரிடம். செவிலி அவளைத் 'தாயீ' என்று அழைத்தாளாம். மராத்தியில் அது அக்காள் என்று பொருள்படும். தமிழ்க் காதுக்கோ அது தாய் என்றே ஒலிக்கும். அந்த ஒரு சொல்லிலேயே பாதிக் கூச்சம் போயிற்று என்றாள். மருத்துவர் கைகளால் சோதித்துப் பார்த்தார், கட்டி ஏதும் இல்லை என்றார். பின்பு மூன்று மாத காலம் ஒரு நாட்காட்டியில் வலி கண்ட நாள்களைக் குறித்து வரச் சொன்னார். குறித்து வந்தபோது, வலி நாள்கள் ஒவ்வொரு மாதமும் மாதவிடாய்க்கு முந்திய வாரங்களில் வரிசையாக நின்றன. 'இது புற்று அன்று, உங்கள் உடலின் கடிகாரம்' என்றார். அன்றிரவு வலி இருந்தது. ஆயினும் பல மாதங்களுக்குப் பின் அவள் நன்றாக உறங்கினாள். வலியின் காரணம் தெரிந்ததுமே பெரும்பாலோர்க்கு அது தாங்கக்கூடியதாகிவிடுகிறது என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட செய்தி.

இது இன்று நேற்று அறியப்பட்டதன்று. இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் சர் ஆஸ்ட்லி கூப்பர், 1829-ஆம் ஆண்டிலேயே மார்பக நோய்களைப் பற்றிப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். புற்று அல்லாத கட்டிகளையும், மாதவிடாயை ஒட்டி மிகுந்து பின் தணியும் வலியையும் அவர் அதில் விளக்கியுள்ளார். ஆயினும் நெடுங்காலம் வரை இவற்றையெல்லாம் நோய் என்றே எழுதி வந்தார்கள். 1987-இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகர மருத்துவர்கள் ஒரு புதிய பார்வையை முன்வைத்தார்கள். பூப்பெய்துங்கால் மார்பகம் வளர்கிறது, மாதந்தோறும் மாறுகிறது, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஒடுங்குகிறது. இந்த மூன்று இயற்கை நிகழ்ச்சிகளிலும் சிறு பிறழ்ச்சிகள் நேர்வது உண்டு. அப்பிறழ்ச்சிகளே நாம் காணும் கட்டியும் வலியும் என்றார்கள் அவர்கள். நோய் என்ற பெயர் நீங்கியதே நோயாளிக்குப் பாதி மருந்து.

இனி எங்களுள் இளையவளின் கதைக்கு வருவோம். வளரும் பருவத்தில் நேரும் பிறழ்ச்சிக்கு அவள் எடுத்துக்காட்டு. பத்தொன்பது வயதில், திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கும்போது, இடப்பக்கத்தில் கோலிக்குண்டு போன்ற ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியில்லை. விரலால் அழுத்தினால் நழுவி ஓடியது. இதனை நார்ச்சுரப்பிக் கட்டி எனலாம். மருத்துவர் 'பைப்ரோ அடினோமா' என்பர். பிடிபடாமல் ஓடுவதால் மேலை நாட்டார் இதை வேடிக்கையாக மார்பக எலி என்றும் அழைப்பதுண்டு. பதினைந்து முதல் முப்பத்தைந்து வரையிலான வயதில் மிகுதியாகத் தோன்றும். பல ஆண்டுக் காலம் வளராமல் இருப்பதும் உண்டு, தானே சுருங்கிப் போவதும் உண்டு. சிலவே வளரும். ஆகவே சோதனையில் உறுதியாகிவிட்டால் எல்லாவற்றையும் அறுத்தெடுக்க வேண்டியதில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பருத்தாலோ, விரைந்து வளர்ந்தாலோ, ஐயம் நீங்காவிட்டாலோ அறுவை தேவைப்படும்.

அவளுக்கு அறுவை நடந்தது. கட்டி தீங்கற்றது என்று அறிக்கை வந்தது. ஆனால் வீட்டில் அறிக்கையைவிடத் தழும்பே பெரிதாகப் பேசப்பட்டது. 'பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? வெளியே மூச்சு விடாதே' என்று தாயார் வாயடைத்தார். மகள் வாழ்வு கெட்டுவிடக் கூடாது என்ற தவிப்பே அவரை அப்படிப் பேச வைத்தது. ஐந்தாண்டு கழித்துப் பாணேருக்கு வேலைக்கு வந்த பின், வலப்பக்கத்தில் இரண்டு கட்டிகள் தட்டுப்பட்டன. 'வெட்டினால் இன்னொரு தழும்பு, வெட்டாவிட்டால் சாவு' என்று அவள் தனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டாள். தாயாரிடமும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. அந்த மாலையில் குன்றின் மேல் கண் கலங்கியவள் அவள்தான்.

நாங்கள் இருவரும் அவளுடன் சென்றோம். மருத்துவர் செய்தது மூன்று படிச் சோதனை. முதலில் கைகளால் சோதித்தார். அடுத்து ஒலியலை கொண்டு உட்புறத்தைக் காட்டும் ஸ்கேன் எடுத்தார். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மாமோகிராம் என்னும் எக்ஸ்ரே படம் தெளிவாக விழாது. ஆகவே நாற்பது வயதுக்குட்பட்டோர்க்குப் பெரும்பாலும் ஸ்கேனே முதற்சோதனை. மூன்றாவதாக, இடத்தை மரக்கச் செய்து, ஊசி வழியாகச் சிறு துணுக்குத் திசுவை எடுத்து நுண்ணோக்கியால் பார்க்க அனுப்பினார். கை, படம், ஊசி ஆகிய மூன்றும் ஒரே விடையைத் தந்தால் அவ்விடையை நம்பலாம். மூன்றும் 'தீங்கற்றது' என்றன. அறுவை வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்து காட்டுக என்றார் மருத்துவர். ஊசி குத்தினால் கட்டி புற்றாக மாறிவிடும் என்று ஊரில் சொல்வார்களே என்று அவள் கேட்டாள். அது வெறும் கதை என்று அவர் சிரித்துச் சொன்னார்.

அன்றிரவு அவள் தாயாருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு தாயார், 'எனக்கும் உன் வயதில் இருந்தது. உன் ஆச்சியிடம்கூடச் சொன்னதில்லை' என்றாராம். இரண்டு தலைமுறை மௌனம் ஒரு தொலைபேசி அழைப்பில் உடைந்தது.

மூத்தவளின் தொல்லை வேறு வகை. அவளுக்கு நாற்பத்தோராம் வயதில் நீர்க்கட்டி வந்தது. சுரப்பித் திசு ஒடுங்கத் தொடங்கும் பருவத்தில், சிறு பைகளில் நீர் தேங்கி இவை உருவாகின்றன. முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் மிகுதி. ஒரே நாளில் தோன்றியது போலத் திடுமென்று தட்டுப்பட்டு, மாதவிடாய்க்கு முன் புடைத்து வலிக்கும். ஊசியால் நீரை இறைத்துவிட்டால் கட்டி அங்கேயே மறைந்துவிடும். நீர் வைக்கோல் நிறமாகவோ பச்சை கலந்தோ இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. குருதி கலந்திருந்தால் சோதனைக்கு அனுப்புவார்கள். இறைத்த கிணறு ஊறுவது போல இதுவும் மீண்டும் ஊறுவதுண்டு. பத்தாண்டுகளில் மூத்தவளுக்கு ஐந்து முறை நீர் இறைத்தார்கள். முதல் முறை உயிர் போய்விட்டது போல அழுதவள், ஐந்தாம் முறை மாலைக் காய்கறி வாங்கும் வழியில் போய்விட்டு வந்தாள்.

நேயர்களே, இங்கேதான் ஒரு படுகுழி இருக்கிறது. பழக்கம் அச்சத்தைப் போக்கியது, நல்லது. எச்சரிக்கையையும் சேர்த்துப் போக்கிவிட்டது, அதுவே தீது. ஐம்பதாம் வயதில் அவளுக்கு மாதவிடாய் நின்றது. அதன்பின் நீர்க்கட்டிகள் இயல்பாகவே ஓய்ந்துவிட வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு ஒரு புதிய கட்டி தட்டுப்பட்டது. இது கெட்டியாக இருந்தது, நழுவவில்லை. மேலே தோல் சற்றே உள்வாங்கியிருந்தது. 'பழைய நீர்க்கட்டிதானே' என்று நான்கு மாதம் வாளாவிருந்தாள். இளையவளுடன் மருத்துவரிடம் சென்ற அன்றுதான், 'நானும் ஒன்றைக் காட்டிவிடுகிறேன்' என்று எழுந்தாள். சோதித்த மருத்துவரின் முகம் மாறியது. 'நீர்க்கட்டி என்று நீங்களே முடிவு செய்தது எப்படி?' என்று கேட்டார். மாமோகிராமும் ஊசிச் சோதனையும் நடந்தன. அறிக்கை வர எட்டு நாள் ஆயின. அந்த எட்டு நாளும் மூன்று வீட்டிலும் சரியாக அடுப்பெரியவில்லை.

அறிக்கை தீங்கற்றது என்றே வந்தது. சில மாதங்களுக்கு முன் மும்பை விரைவுச் சாலையில் கார் திடீரென நின்றபோது, இருக்கைப் பட்டை மார்பில் அழுந்தியிருக்கிறது. அடிபட்ட கொழுப்புத் திசு நசிந்து இறுகிக் கட்டியாயிற்று. கையில் மட்டுமன்றிப் படத்திலும் சில வேளை புற்றைப் போலவே தோன்றக்கூடியது இது. ஊசிச் சோதனை ஒன்றே ஐயம் தீர்க்கும். நாங்கள் கடவுளுக்கு நன்றி சொன்னோம். ஆனால் அதே நாளில், அதே விசிப்பலகையில், எங்கள் அருகே அமர்ந்திருந்த மராட்டிய மாது ஒருத்திக்கு விடை வேறாக இருந்தது. அவளும் சில மாதம் காத்திருந்தவள்தான். நான்கு மாதக் காத்திருப்பில் எங்களைக் காத்தது எங்கள் அறிவன்று என்பதை அவள் முகம் எங்களுக்கு உணர்த்தியது.

அன்று நாங்கள் கற்ற பாடம் ஒன்று. திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவர்கள் ஒவ்வொரு புதிய கட்டியையும் புதிய கட்டியாகவே கருதவேண்டும். பழைய கட்டி தீங்கற்றது என்ற சான்று பழைய கட்டிக்கு மட்டுமே உரியது.

அவ்வாறாயின் எது பழையது, எது புதியது என்று எப்படி அறிவது? அதற்கு ஒரு கோப்பு வேண்டும். ஊர்விட்டு ஊர் பெயரும் நம்மவர்க்கு இது இன்றியமையாதது. வீடு மாற்றும்போது பித்தளைப் பாத்திரங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறோம். மருத்துவ அறிக்கைகளைப் பழைய செய்தித்தாளோடு விட்டுவிடுகிறோம். இளையவளின் முதல் அறுவை அறிக்கை திருநெல்வேலி வீட்டுப் பரணில் கிடந்தது. அதை வரவழைத்தபின்தான் மருத்துவர் நிறைவடைந்தார். இப்போது மூவரும் ஆளுக்கொரு கோப்பு வைத்திருக்கிறோம். கட்டி எப்பக்கம், கடிகார முகமாகக் கருதினால் எத்தனை மணித் திசை, காம்பிலிருந்து எத்தனை விரற்கடை தொலைவு, எத்தனை சென்டிமீட்டர், எந்நாளில் கண்டது என்று எழுதுகிறோம். 'வலப்பக்கம், பத்து மணித் திசை, இரண்டு சென்டிமீட்டர்' என்று எழுதியிருந்தால், எந்த ஊர் மருத்துவரும் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். திசுச் சோதனை அறிக்கை மிக முக்கியம். 1985-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஆய்வாளர்கள், தீங்கற்ற கட்டிக்காகத் திசுச் சோதனை செய்துகொண்ட பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேருக்குப் பிற்காலப் புற்றுநோய் அபாயம் கூடவில்லை. உயிரணுக்கள் பெருகி இயல்பு பிறழ்ந்திருந்த சிறு பிரிவினருக்கு மட்டுமே அபாயம் பல மடங்கு கூடியிருந்தது. நாம் எப்பிரிவு என்பதை அந்த ஒரு தாளே சொல்லும்.

தாமே தடவிப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். சீனாவின் ஷாங்காய் நகரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலைப் பெண் தொழிலாளரிடையே ஓர் ஆய்வு நடந்தது. 2002-இல் அதன் முடிவு வெளிவந்தது. முறையாகத் தற்சோதனை கற்பிக்கப்பட்டவர்களிடையே இறப்பு குறையவில்லை, தீங்கற்ற கட்டிகளுக்கான சோதனைகளே மிகுந்தன. ஆகவே நாள்தோறும் அழுத்தி அழுத்தித் தேடி அஞ்ச வேண்டாம். மாதவிடாய் முடிந்த சில நாளில், குளிக்கும்போது, நம் உடல் வழக்கப்படி இருக்கிறதா என்று அறிந்துகொண்டால் போதும். மாறுதல் கண்டால் பயிற்சி பெற்றவர் கையில் ஒப்படைப்போம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கிய ஆய்வில் 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டனர். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கொருமுறை கைகளால் சோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, ஐம்பது வயது கடந்தோரிடையே மார்பகப் புற்றால் நேரும் இறப்பு நூற்றுக்கு முப்பது அளவில் குறைந்தது. இளையோரிடையே அத்தகைய பயன் காணப்படவில்லை. பெரிய எந்திரமில்லாமல், பழகிய விரல்களாலேயே உயிர் காக்கலாம் என்பதற்கு இது சான்று. முப்பது வயது கடந்தோர்க்கு அரசு சுகாதார நிலையங்களில் இத்தகைய சோதனை செய்ய நாடு தழுவிய திட்டம் உண்டு. பாணேரிலிருந்து ஔந்து மாவட்ட மருத்துவமனை தொலைவன்று. நகரின் நடுவே சாசூன் பொது மருத்துவமனை உண்டு. கையில் பணம் இல்லை என்பதற்காக யாரும் காத்திருக்கவேண்டாம்.

இனி, வலியோடு வாழும் வகை. அளவுக்குப் பொருந்திய, நன்கு தாங்கும் உள்கச்சு முதல் மருந்து. பலர் ஆண்டுக்கணக்கில் பொருந்தாத அளவையே வாங்கி அணிகிறோம். உடற்பயிற்சியின்போது இறுக்கமானதும், வலி மிகுந்த இரவுகளில் மென்மையானதும் உதவும். மருத்துவரைக் கேட்டு, வலி நீக்கும் களிம்பையோ பாராசிட்டமால் மாத்திரையையோ அந்தச் சில நாளுக்குப் பயன்படுத்தலாம். கருத்தடை மாத்திரையோ வேறு சுரப்புநீர் மருந்தோ உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். வலிக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். வாழ்க்கையே முடங்கும் அளவு வலித்தால் அதற்கும் மருந்துண்டு, ஆனால் அது வல்லுநர் கண்காணிப்பில் மட்டுமே. காப்பியை நிறுத்தினால் வலி நிற்கும் என்று பலர் சொல்வர். ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. காப்பியை விட்டுப் பார்த்து நலம் கண்டவர் விடலாம். நலம் காணாதவர் காலைக் காப்பியையும் இழந்து வருந்தவேண்டியதில்லை.

கைவைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் நாட்டு வழக்கம். 1988-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, பால் சுரப்பைக் குறைப்பதில் மல்லிகை மாத்திரைக்கு ஏறத்தாழ நிகராக உதவுவதைக் கண்டார்கள். பாட்டிமார் சொல்லில் பொருளுண்டு. ஆனால் அது பால்கட்டுக்கு மட்டுமே. சோதிக்கப்படாத கட்டியின்மேல் பற்றுப் போட்டுக்கொண்டும், விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டும் நாள் கடத்தாதீர்கள். எண்ணெய் தீங்கு செய்யாது. கடந்த நாள்கள் தீங்கு செய்யும்.

தாமதமின்றிக் காட்டவேண்டிய அடையாளங்களைச் சொல்லி முடிக்கிறோம். மாதவிடாய் கழிந்தும் கரையாத புதிய கட்டி. கல்லைப் போல இறுகி நகராத கட்டி. தோல் குழிதல், அல்லது ஆரஞ்சுத் தோலைப் போலத் தடித்தல். காம்பு புதிதாக உள்வாங்குதல். காம்பிலிருந்து தானே கசியும் குருதி கலந்த நீர். ஆறாத புண். அக்குளில் கட்டி. மாதவிடாய் நின்றபின் தோன்றும் எந்தக் கட்டியும். வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ளவேண்டாம். புற்று பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை.

சகோதரிகளே, நாணம் பற்றி இறுதியாக ஒன்று. ஆனந்திபாய் ஜோஷி, ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணி நம் பெண்கள் மடிவதைக் கண்டு, தாமே மருத்துவம் கற்கக் கடல் கடந்தார். 1886-இல் அமெரிக்காவில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, இருபத்தோராம் வயதில், புனேயில் மறைந்தார். அவர் பட்டம் பெற்ற அதே 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த அவர், 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பிறந்த மண்ணிலும் வாழும் மண்ணிலும் நமக்காக இருவர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே செல்ல வேண்டியது நம் கடமை.

இன்றும் மாதம் ஒரு மாலை நாங்கள் மூவரும் துகாய் குன்றேறுகிறோம். 'எப்படி இருக்கிறது?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். இளையவளின் கட்டிகள் வளரவில்லை. நடுவளின் குழந்தை மார்பில் சாய்கிறது, வலி நாள்களில் மட்டும் தோளில் சாய்கிறது. மூத்தவளின் கோப்பில் அடுத்த சோதனை நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒருத்தி பேசாமல் இருக்கக்கூடும். இன்று மாலை அவள் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள்.